தப்பும் ஆர்மோனியமும்: மலையகத் திருச்சபையின் பாடகர் குழாம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் கிறித்தவத் தமிழிலக்கியம் என்னும் அத்தியாயத்தைப் பெரும்பாலும் ஆசிரியர் பெயர்களினாலும் நூற்பெயர்களினாலும் நிரப்பிவிடுகின்றன. வீரமாமுனிவர், வேதநாயக சாஸ்திரியார், கிருஷ்ணபிள்ளை என அவ்வரிசை செல்லும். இவர்கள் போன்றோர் இயற்றியவற்றை யார் பாடினர், எவ்விடத்தே எந்த வேளையிற் பாடினர், எந்த வாத்தியத்தோடு பாடினர் என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. மறுபுறம், மலையக மக்களின் பாடல்களைத் தொகுத்தும் ஆராய்ந்தும் அரும்பணி புரிந்தோர் (சி. வி. வேலுப்பிள்ளையின் தொகுப்பு 1983இலும் சாரல்நாடனின் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ 1993இலும் வெளிவந்தன) தாலாட்டு, தொழிற்பாடல், ஒப்பாரி, கூத்துப் பாடல் ஆகியனவற்றிலேயே முதன்மையாகக் கவனஞ் செலுத்தினர். தேவாலயத்திற் கூடிப் பாடப்பட்ட பாட்டு அச்சேட்டிலிருந்து வந்தமையால் நாட்டார் பாடலாகக் கொள்ளப்படவில்லை. பாடியோர் கொழுந்து பறிப்போராகவும் கவ்வாத்து வெட்டுவோராகவும் இருந்தமையால் இலக்கிய வரலாற்றிலும் இடம்பெறவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நழுவிப்போன ஒரு பண்பாட்டு நடவடிக்கையையே இக்கட்டுரையில் நோக்க முனைகின்றோம்.

இம்முயற்சிக்கு முன் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்திற் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் இந்துக்கள். கிறித்தவர் பத்தில் ஒரு பங்கினும் குறைவு. சிறுபான்மையினரின் பாட்டை இவ்வளவு பாரித்துப் பேசுதல் தகுமோ என்று கேட்கலாம். பாடகர் குழாம் என்பது எண்ணிக்கையால் முக்கியத்துவம் பெறுவதன்று என்பதே எமது விடை. பெருந்தோட்டம் என்னும் மூடிய உலகினுள், துரையின் அனுமதியோடு தொழிலாளர் கூடி, ஒரே வேளையில் ஒரே சொல்லை உரத்துச் சொல்வதற்கு இடமளித்த நிறுவனங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று திருச்சபை. அந்தக் கூட்டுக்குரல் எவ்வாறு உருவாயிற்று, யாருக்கு உதவிற்று, எதனை விலக்கிற்று என ஆராய்வது பெருந்தோட்டச் சமூகத்தின் வர்க்க, சாதி உறவுகளை ஆராய்வதாகவே அமையும்.

1. இரு ஆலயங்கள், இரு இசைகள்

மலைநாட்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கை பரவிய 1830கள், 1840களைத் தொடர்ந்து, ஐரோப்பியக் குடியிருப்புகளையொட்டித் தேவாலயங்கள் எழுந்தன. நுவரெலியாவின் திரித்துவ ஆலயம் 1852இல் நேர்ந்தளிக்கப்பட்டது. டிக்கோயாவின் வோர்லித் தோட்டத்துக் கிறிஸ்து ஆலயம் 1878இல் தோன்றியது. கோப்பியை 1869 முதல் இலைநோய் பற்றி அழித்ததும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை அதனிடத்தைப் பிடித்ததும், 1884இற் புகையிரதம் ஹற்றனை எட்டியதும் யாவரும் அறிந்தனவே. இவ்வாலயங்கள் துரைமாரின் ஆலயங்கள். வழிபாட்டு மொழி ஆங்கிலம், பாட்டும் ஆங்கிலம், இசை நான்கு குரலிசை.

இந்த ஆங்கிலப் பாடகர் குழாத்தை ‘ஆங்கில மக்களின் இசை’ என்று கொள்வது வரலாற்றுத் தவறாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்களில், மேற்கு மாடத்தில் அமர்ந்து பிடிலும் கிளாரினெற்றும் வாசித்துப் பாடியோர் கிராமத்துக் கைவினைஞரும் பண்ணைத் தொழிலாளருமே. ஞாயிறு காலையில் ஆலயத்தில் வாசித்தவர்களே மற்றைய நாள்களிற் கலியாண வீட்டிலும் சாராயக்கடையிலும் வாசித்தனர். நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவர்கள் மாடத்திலிருந்து இறக்கப்பட்டனர். குருவானவரின் கட்டுப்பாட்டுக்குள் நிற்கும் ஓர்கனும், வெள்ளங்கி தரித்துப் பீடத்தருகே நிற்கும் ஒழுங்கான பாடகர் குழாமும் அவர்களின் இடத்தைப் பெற்றன. தோமஸ் ஹார்டியின் ‘பசுமரத்தடியில்’ என்னும் 1872ஆம் ஆண்டு நாவலின் பின்னணி இதுவே. ஆகவே இலங்கையின் மலைகளுக்கு வந்துசேர்ந்த பாடகர் குழாம், தனது சொந்த நாட்டிலேயே உழைப்பாளரை ஏற்கெனவே வெளியேற்றிவிட்ட ஒரு வடிவமாகும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டாலன்றி அடுத்து நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ளல் அரிது.

தொழிலாளருக்கான ஆலயம் வேறு வழியில் வந்தது. 1854இல் தோட்டத் துரைமார் சிலரின் முன்முயற்சியாலும் சேர்ச் மிஷனரிச் சங்கத்தின் ஒத்துழைப்பாலும் ‘தமிழ்க் கூலி மிஷன்’ நிறுவப்பட்டது. நிறுவனத்தின் பெயரிலேயே தொழிலாளரின் சமூகத் தகுதி பொறிக்கப்பட்டிருந்தமை கவனிக்கத்தக்கது. செலவிற் பெரும்பகுதியைத் துரைமாரின் நன்கொடைகள் தாங்கின. ஊழியஞ் செய்ய உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வருவிக்கப்பட்டனர். உபதேசியார் தோட்டந் தோட்டமாக நடந்து, பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் ஜெபக்கூட்டம் நடத்தினார். அவரிடம் ஓர்கன் இல்லை; வேதப்புத்தகமும் பாட்டுப்புத்தகமும் அவரது குரலுமே இருந்தன.

இவ்வுபதேசிமார் யாருக்குக் கீழ்ப்பட்டவர் என்பது பின்னர் பெரும் பிணக்காயிற்று. ஒக்ஸ்போர்ட்டிலிருந்து வந்த இளம் பேராயர் கொப்பிள்ஸ்ரன், தோட்டப்புறத் தமிழ் ஊழியத்தைத் தமது குருமாரின் அதிகாரத்துக்குள் கொணர முற்பட்டார். சங்கத்தார் இணங்காமையால் 1876இல் அவர்தம் மிஷனரிமாரின் உரிமப் பத்திரங்களையே அவர் மீளப் பெற்றுக்கொண்டார். பீடமும் சடங்கும் முதன்மை பெறும் உயர்சபைப் போக்கிற்கும், பிரசங்கமும் ஜெபமும் முதன்மை பெறும் நற்செய்திப் போக்கிற்கும் இடையிலான இங்கிலாந்துப் பூசல் ஒன்று இவ்வாறு கோப்பித் தோட்டத்திலே நடந்தேறியது. கடிதங்களும் துண்டுப் பிரசுரங்களும் பறந்த இப்பூசலில், தொழிலாளர் எதனை விரும்பினர் என்று எத்தரப்பாரும் கேட்டிலர்.

2. கீர்த்தனையின் அமைப்பும் அதன் சமூகப் பயனும்

உபதேசியாரோடு மலையேறிய பாட்டு இருவகைத்து. ஒன்று ஞானப்பாட்டு, மற்றது கீர்த்தனை.

ஞானப்பாட்டு ஐரோப்பிய மெட்டில் அமைந்த மொழிபெயர்ப்பு. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனின் தொடக்கம் முதலே ஜெர்மன் பாட்டுகள் தமிழாக்கப்பட்டு வந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரிசியஸ் (1711–1791) செய்த மொழிபெயர்ப்புகள் நெடுங்காலம் வழக்கிலிருந்தன. மொழியறிவு மிக்க அவரது உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் தமிழ்ச் சொல்லின் உயிர் குறில் நெடில் வேறுபாட்டில் உள்ளது; ஐரோப்பிய மெட்டோ தனது நீண்ட சுரங்களைத் தனது மொழியின் அழுத்தத்துக்கேற்ப வைத்துள்ளது. ‘மனம்’ என்னும் சொல்லின் முதலெழுத்து நீண்ட சுரத்தில் விழுமாயின் அது ‘மானம்’ என ஒலிக்கும். ‘பலன்’ என்பது ‘பாலன்’ ஆகிவிடும். பாடுவோர் புத்தகத்தைப் பார்த்தாலன்றிப் பொருளை உணர்தல் இயலாது. மேலும், அடிதோறும் புதுச்சொல் வருவதால் எழுத்தறியாதவர் வாய்மூடி நிற்க நேரும்.

கீர்த்தனையின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. பல்லவி மீண்டும் மீண்டும் வரும். சரணத்தை ஒருவர் பாட, கூடியிருப்போர் பல்லவிக்குத் திரும்புவர். ஒருவர் எடுத்துக் கொடுக்கப் பலர் ஏற்றுப் பாடும் இம்முறை நடவுப் பாடல், ஏற்றப் பாட்டு, பஜனை, கூத்தின் பிற்பாட்டு ஆகியனவற்றிலே தமிழுழைப்பாளர்க்கு வழிவழிப் பழகியதாகும். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலாம் மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் திரட்டி வரப்பட்டோர்க்கு அச்சேட்டின் துணையின்றியே பல்லவி வசப்பட்டது. தோட்டத்தில் முதன்முதலாக வேரூன்றிய கூட்டுப்பாடல் கீர்த்தனை வழியே ஆனதற்குக் காரணம் அதன் பக்திச் சுவை மட்டுமன்று. கூட்டுழைப்பின் பாட்டு அமைப்போடு அது கொண்டிருந்த உறவுமாகும்.

ஆயின் கீர்த்தனையின் பிறப்பிடத்தை நாம் மறத்தலாகாது. பாளையங்கோட்டையிற் பிறந்து தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), சரபோஜி மன்னரின் காலத்துத் தஞ்சை இசைச் சூழலில் நின்று பாடியவர். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் அச்சிட்ட கீர்த்தனைத் தொகுப்புக்கு அவர் பாடல்களே பெருந்துணையாயின. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமார், ஆலயத்திலே சாதிவாரியாகப் பிரிந்திருக்கும் வழக்கத்தை ஒழிக்க முற்பட்டனர். தமிழ்க் கீர்த்தனைகளை வழிபாட்டிலிருந்து நீக்கவும் முனைந்தனர். சாஸ்திரியார் இரண்டையும் எதிர்த்தார். தமிழ்ப்பாட்டுக்காக வாதாடிய அதே நாவே வேளாளக் கிறித்தவரின் தனி ஆசனத்துக்காகவும் வாதாடிற்று. சாதியை எதிர்த்த மிஷனரியோ தமிழிசையை இகழ்ந்தார். முற்போக்கும் பிற்போக்கும் தனித்தனி ஆள்களாக வந்து நிற்பதில்லை. ஒரே ஆளினுள்ளும் ஒரே நிறுவனத்தினுள்ளும் அவை முரண்பட்டு இயங்குகின்றன. மலையகப் பாடகர் குழாம் இந்த முரண்பாட்டினையும் கீர்த்தனையோடு முதுசமாகப் பெற்றுக்கொண்டது.

3. பாட்டு அளித்தது

தேவாலயப் பாட்டைத் துரைமாரின் சூழ்ச்சி என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் போக்கு எம்மவரிடையே உண்டு. மதம் பற்றி மார்க்ஸ் எழுதியவற்றுள் அபினியைப் பற்றிய தொடரை மட்டும் பெயர்த்தெடுத்து, துன்புறுவோரின் உள்ளக்குமுறலையும் எதிர்ப்பையும் பற்றி அதே இடத்தில் அவர் கூறியதை விட்டுவிடுவதன் விளைவு இது. ஈ. பி. தொம்சன் தமது 1963ஆம் ஆண்டு நூலில் ஆங்கிலத் தொழிலாளரிடையே மெதடிஸ்தம் ஆற்றிய இருவகைத் தொழிலை விளக்கிக் காட்டினார்: அது ஆலையின் ஒழுக்கத்தை மனச்சாட்சியினுள்ளே புகுத்திற்று, அதேவேளை கூட்டம் நடத்தவும், கணக்கு வைக்கவும், எழுந்து நின்று பேசவும் தொழிலாளரைப் பழக்கிற்று. மலையகத்திலும் இந்நோக்கு எமக்குத் துணைபுரியும்.

பாட்டு அளித்தவற்றுள் முதலாவது எழுத்தறிவு. தோட்டப் பிள்ளைகளின் கல்வி பற்றிய சட்ட ஏற்பாடுகள் 1907இலும் 1920இலுமே வந்தன. வந்த பின்னரும் ஓராசிரியர் பாடசாலைக்கு அப்பால் அவை பெரிதும் செல்லவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இலேயே. இந்த நீண்ட வறட்சியில், மனனமாயிருந்த பல்லவியை அச்செழுத்தோடு ஒப்பிட்டு எழுத்துக் கற்கும் வாய்ப்பைப் பாட்டுப்புத்தகம் வழங்கிற்று. ஹற்றனில் 1892இல் மெதடிஸ்த மிஷன் தொடங்கிய பாடசாலை, பிற்காலத்து ஹைலன்ட்ஸ் கல்லூரியாக, மலையகக் கல்விமான்கள் பலரை உருவாக்கியது தற்செயலன்று.

இரண்டாவது, கூடும் உரிமை. தோட்டம் துரையின் தனிச்சொத்து. வெளியார் நுழைவது அத்துமீறல் எனச் சட்டம் கூறிற்று. இலங்கைக்கு வந்த தொடக்கத்திற் கோ. நடேசய்யர் (1887–1947) புடைவை வியாபாரி வேடம் பூண்டே தோட்டங்களுட் புகுந்தார் என்பது நன்கறியப்பட்ட செய்தி. உபதேசியாரோ பகலில், துரையின் சம்மதத்தோடு, பாடிக்கொண்டே நுழைந்தார். நடேசய்யர் 1931இல் ஹற்றனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது, அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். அப்பாடல்கள் 1940இல் நூலாகவும் வந்தன. அப்பாடல்களுக்கும் தேவாலயப் பாட்டுக்கும் நேரடித் தொடர்பு காட்ட நாம் முற்படவில்லை. கூடிப்பாடுதல் என்னும் செயலின் ஆற்றலை இருதரப்பாரும் நன்கறிந்திருந்தனர் என்பதே நாம் சுட்ட விழைவது. தென்னாபிரிக்காவிலே ஏனொக் சொண்டொங்கா என்னும் மிஷன் பாடசாலை ஆசிரியர் 1897இல் இயற்றிய தேவாலயப் பாட்டு, பின்னர் விடுதலை இயக்கத்தின் பாட்டாகி, நாட்டுப் பண்ணின் பகுதியுமானது. மலையகத்தில் அத்தகையதொரு மாற்றம் நிகழாமைக்குக் காரணத்தைத் தேடும்போதுதான், பாட்டு எதனை விலக்கிற்று என்னும் வினா எழுகின்றது.

4. வாசலில் விடப்பட்ட தப்பு

தோட்டத்தின் நாள் தப்பொலியோடு விடிந்தது. பிரட்டுக்கு எழுப்பத் தப்படிப்பது நெடுங்கால வழக்கம். திருவிழாவில், காமன் கூத்தில், கலியாணத்தில், சாவீட்டில் ஒலித்ததும் அதே தப்பே. உழைப்பிலிருந்து இறப்புவரை தொழிலாளியோடு உடனிருந்த வாத்தியம் அது. எனினும் தேவாலயத்துட் புகுந்தவை ஆர்மோனியமும், காலப்போக்கில் மிருதங்கமும் தபேலாவும், வசதியுள்ள இடங்களில் ஓர்கனுமே. தப்பு வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது.

இதற்கு மேனாட்டுக் குருமாரின் இசை இரசனையை மட்டுங் காரணமாகக் கூறுதல் போதாது. பெருந்தோட்டத்துக்கு வந்தோருட் பெருந்தொகையினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கங்காணிமார் பலர் அவர்க்கு மேற்பட்ட சாதியினர். இச்சாதியமைப்புத் தோட்டத்திலும் எவ்வாறு தொடர்ந்தது என்பதை இரா. ஜெயராமன் மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட நூல் காட்டுகின்றது. தப்படித்தல் ஒரு சாதியார் மீது சுமத்தப்பட்ட கடமை. ஆகவே தப்பை விட்டு ஆலயத்துட் சென்றவருக்கு அது இழப்பு மட்டுமன்று, விடுதலையுமாகும். ‘இனி நான் தப்படிப்பவனல்லன், பாடுபவன்’ என்னும் தன்மான உணர்வு அச்செயலில் இருந்தது. அவ்வுணர்வை ஏளனஞ் செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் வாத்தியத்தை இழிந்ததெனக் கருதிய சாதியச் சிந்தனை அதனால் அழியவில்லை. வாசலுக்கு வெளியே அது முழுமையாக இருந்தது, உள்ளே வேறு உருவெடுத்தது.

அவ்வுருவம் பாடகர் குழாத்தின் அமைப்பிலேயே புலனாகும். பாடகர் குழாத்துக்கு மூன்று வேண்டும்: எழுத்தறிவு, ஒத்திகைக்கு நேரம், நல்லுடை. தோட்டத்தில் இம்மூன்றும் யாரிடம் இருந்தன? கங்காணி, கணக்கப்பிள்ளை, ஆசிரியர் ஆகியோரின் குடும்பங்களிலேயே. கொழுந்து பறிக்கும் பெண், விடியற்காலைப் பிரட்டு முதல் மாலைக் கொழுந்து நிறுவை வரை மலையில் நின்று, பிள்ளைக்காம்பிராவிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பி, அடுப்பு மூட்ட வேண்டும். அவளுக்கு ஒத்திகை நேரம் ஏது? தோட்டத்தின் பெரும்பான்மைக் குரல் பெண்குரலாயிருந்தும், குழாத்தின் வரிசையில் அக்குரல் சேர்வதற்கான பொழுதை உற்பத்தி முறையே பறித்துவிட்டது. பாடத் தெரியாதவர் என்று பின் ஆசனத்தில் இருத்தப்பட்டோர் பலர், மலையிற் பாடத் தெரிந்தவர்களே.

பாட்டின் பொருளிலும் இவ்விலகலைக் காணலாம். அறுவடை விழாவை எடுத்துக்கொள்வோம். அன்று பாடப்படும் பாட்டுகள் இங்கிலாந்தின் கோதுமை வயலையோ தமிழகத்தின் நெல் வயலையோ பாடுவன. தேயிலைக்கு அறுவடைக் காலம் ஏது? ஏறக்குறைய வாரத்துக்கொரு முறை அதே செடியைச் சுற்றிவந்து பறிக்கும் ஓயாத வட்டமே உண்டு. விளைவிலும் பறிப்பவருக்குப் பங்கில்லை. நிறுத்த இறாத்தலுக்கோ நாளுக்கோ கூலி மட்டுமே. தமதல்லாத விளைச்சலுக்காகத் தாம் கண்டிராத வயலைப் பாடி நன்றி சொல்லும் அந்நிலை, அந்நியமாதல் என்று மார்க்ஸ் குறித்ததற்கு ஓர் எடுத்துக்காட்டாகவே எமக்குத் தோன்றுகின்றது.

5. மொழி திறந்ததும் இசை திறவாமையும்

கத்தோலிக்கத் தோட்டமக்களின் நிலை வேறு. பூசை இலத்தீனில், குழாம் பாடியதும் இலத்தீனில். மக்கள் செபமாலையையும் பிரார்த்தனைகளையும் தமிழிற் சொல்லிக்கொண்டிருந்தனர். வட இலங்கையின் கரையோரக் கத்தோலிக்கரிடையே, யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் (1676–1742) எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தபசுகாலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படுவதும், பசாம் என்னும் பாடுகளின் பாடலும் பொதுநிலையினர் கையிலேயே வளர்ந்த மரபுகள். சொந்தக் கோயிலும் சொந்தத் தொழிலும் உடைய கடற்றொழிலாளர் சமூகங்களால் அவற்றைப் பேண முடிந்தது. கங்காணியின் கணக்கேட்டிற் கடனாளியாய்ப் பெயர் பதிந்து, தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றப்பட்ட தொழிலாளருக்கு அத்தகைய நிலையான களம் வாய்க்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட வழிபாட்டு ஆவணம் மக்கள் மொழிக்கு வழிதிறந்தது. கண்டி மறைமாவட்டத்தின் ஆயராயிருந்து, 1972இல் புதிதாகப் பிறந்த பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயரான லியோ நாணயக்கார, தோட்ட மக்களை மேய்ப்புப் பணியின் நடுவில் வைத்தார். அதே 1972இல் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் (1925–2017) கண்டியில் சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையையும் கூலியையும் திருச்சபையின் வினாக்களாக்கினார். மொழி இவ்வாறு திறந்தது. இசை எவ்வளவு திறந்தது?

இலங்கைத் திருச்சபையில் ‘சுதேசமயமாக்கம்’ என்னும் இயக்கம் இதற்கு முன்னரே தோன்றியிருந்தது. தேவர் சூரியசேனா (1899–1981) சிங்கள நாட்டார் மெட்டுகளை வழிபாட்டுக்கு இசைவித்தார். 1950இல் குருநாகல் மறைமாவட்டத்தின் முதல் பேராயரான லக்தாச டி மெல் சுதேசக் கலைவடிவங்களை வழிபாட்டினுட் கொணர்ந்தார். சிங்கள ஆலயங்களிற் கண்டிய மேளம் ஒலித்தது. கண்டிய மேளத்தை அடிப்போரும் சாதியமைப்பிற் கீழ்நிலையில் வைக்கப்பட்டவரே. ஆயின் தேசிய எழுச்சி அவ்வாத்தியத்துக்குத் தேசியச் சின்னம் என்னும் தகுதியை வழங்கிவிட்டது. தமிழ் ஆலயங்களிற் சுதேசமயமாக்கம் என்பது கர்நாடக இசையை நோக்கித் திரும்புதலாயிற்று. தப்புக்கு அரச சின்னமும் இல்லை, சபா மேடையும் இல்லை. ‘நமது பண்பாடு’ என்று கூறும்போது அந்த ‘நாம்’ யார் என்னும் வினா இங்கேதான் கூர்மை பெறுகின்றது.

இவ்வினாவைத் தமிழகத்தில் நேருக்கு நேர் எழுப்பியவர் ‘பறட்டை’ என்னும் பெயரில் அறியப்பட்ட தியோப்பிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த அவர், ஞானப்பாட்டையும் கர்நாடகக் கீர்த்தனையையும் ஒருங்கே விமரிசித்து, கிராமிய மெட்டில், பேச்சுமொழியில், பறையோடு பாடும் வழிபாட்டை அமைத்தார். கிராமியப் பாட்டைப் பாடுவோர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம், அது எவருக்கும் தனிச்சொத்தன்று என்பது அவர் வாதத்தின் மையம். அமெரிக்க இசையியலறிஞர் சோயி ஷெரினியன் 2014இல் வெளியிட்ட நூல் அவர் பணியை விரிவாக ஆராய்கின்றது. உற்பத்திச் சாதனத்தின் உடைமை பற்றிய வினாவை இசைக்கும் பொருத்திய சிந்தனையாக நாம் இதனைக் காண்கின்றோம். இழிவின் சின்னமாயிருந்த பறையை விட்டுவிடுவது ஒரு காலத்து விடுதலை. அதனைத் தலைநிமிர்ந்து கையிலெடுப்பது பிறிதொரு காலத்து விடுதலை. இவை ஒரே போராட்டத்தின் இரு கட்டங்கள்.

6. கலைக்கப்பட்ட குரல்கள்

பாடகர் குழாம் ஆண்டுக்கணக்கிற் பழகிய குரல்களின் சேர்க்கை. மூத்தவர் எடுத்துக்கொடுக்க இளையவர் பற்றிக்கொள்வதே அதன் உயிர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதங்களில் உறவுகளோடு குரல்களும் பிரிந்தன. ஒரே குடும்பத்தில் ஒருவர் நீலகிரியின் கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ செல்ல, மற்றவர் ஹற்றனிலோ தலவாக்கலையிலோ தங்கினர். 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் மேலும் பலரை வன்னிக்கும் இந்தியாவுக்கும் துரத்தின. மலையகத் தேவாலய இசை, தொடர்ந்து வளர்ந்து தனக்கெனத் தனிப் பாணியொன்றை ஈட்டாமைக்குச் சோம்பலோ திறமையின்மையோ காரணமன்று; மக்களை எண்களாகப் பங்கிட்ட அரசியலே காரணம்.

வெற்றிடத்தை நிரப்பியது சந்தை. ஒலிநாடாக்களின் காலந்தொட்டுத் தமிழகத்துப் பாடல்கள், குறிப்பாக பெர்க்மான்ஸ் அடிகளின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ போன்ற தொகுதிகள், இலங்கைத் தமிழ்ச் சபைகளிலும் பரவின. பெந்தெகொஸ்தே சபைகளின் வளர்ச்சியோடு கீபோர்டும் ஒலிபெருக்கியும் லயத்தருகே வந்துவிட்டன. இவற்றை மரபழிவு என்று புலம்புவதில் எமக்கு உடன்பாடில்லை. அங்குப் பாடுவோர் புத்தகமின்றி, கைதட்டி, உடல் அசைத்துப் பாடுகின்றனர். பின் ஆசனம் என்று ஒன்று அங்கு இல்லை. பழைய குழாம் மறுத்ததைத் தொழிலாளர் அங்குத் தேடிப் பெறுகின்றனர். ஆயினும் அப்பாட்டின் துயரம் பெரும்பாலும் தனி ஆன்மாவின் துயரமாகவும், அதற்கான விடுதலை தனி ஆன்மாவின் விடுதலையாகவுமே நின்றுவிடுகின்றது. பழைய குழாத்தில் வடிவம் மக்களை விலக்கிற்று. இங்கு வடிவம் மக்களை ஏற்று, பொருள் அவர்தம் வாழ்நிலையை விலக்குகின்றது.

7. முடிவுரை

2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, ஜூலை 28ஆந் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி ஓகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையை அடைந்தது. முன்னோர் நோயிலும் பசியிலும் மடிந்து நடந்த அதே வழி அது. இலங்கைத் தேசிய கிறித்தவ மன்றம் ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்னும் கூட்டமைப்போடு இணைந்து அந்நடையை ஒழுங்கு செய்தது. காணி, வீடு, நியாயமான கூலி, சமத்துவம் என்பன முன்வைக்கப்பட்டன. 1854இல் ‘கூலி’ என்னும் சொல்லைப் பெயரிலேயே தாங்கிப் பிறந்த திருச்சபைப் பணிக்கும், ‘மாண்பு’ என்னும் சொல்லை முன்னிறுத்திய அந்நடைக்கும் இடையிலுள்ள தொலைவு சிறிதன்று. அத்தொலைவைக் கடக்கச் செய்தவர்கள் தொழிலாளரே. திருச்சபை அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டது என்பதே வரலாற்றுக்கு இயைந்த கூற்றாகும்.

பாடகர் குழாத்தின் வரலாறும் இத்திசையிலேயே நோக்கப்படல் வேண்டும். அது மலையகத் தொழிலாளருக்கு எழுத்தைத் தந்தது, கூடும் களத்தைத் தந்தது, தாமும் கேட்கப்படத்தக்கவர் என்னும் உணர்வைத் தந்தது. அதற்கு விலையாக அவர்தம் வாத்தியத்தையும், மலையிற் பாடிய பாட்டையும், பெண்டிரின் பெரும்பான்மைக் குரலையும் வாசலுக்கு வெளியே நிறுத்திற்று. நுவரெலியா, ஹற்றன், டிக்கோயா, தலவாக்கலைப் பகுதி ஆலயங்களிலும் நீலகிரியின் குடியேற்றங்களிலும் இன்னும் முதியோர் உளர். கையெழுத்துப் பாட்டுக் கொப்பிகள் பெட்டிகளில் இருத்தல் கூடும். யார் பாடினர், யார் பாட அழைக்கப்படவில்லை என்னும் இரு வினாக்களோடும் எமது மாணவர் அங்குச் செல்லுதல் வேண்டும். முதல் வினாவை மட்டும் கேட்போமாயின், மாடத்திலிருந்து இறக்கப்பட்ட இங்கிலாந்துக் கிராமத்தவரையும், வாசலில் நின்ற தப்புக்காரரையும் விலக்கி எழுதப்பட்ட பழைய வரலாற்றுக்கு மேலும் ஒரு பக்கம் சேர்த்தவராவோம்.